நிண்டெண்டோ பவர்: கடிதமும் பதிலும்

அண்ணா,

பழைய கேம் பத்திரிகைன்னு பேச்சு வந்தாலே நீங்க நிண்டெண்டோ பவரை தூக்கி வெச்சு பேசுறீங்க. அது நிண்டெண்டோங்கிற ஜப்பான் வீடியோ கேம் கம்பெனியே அமெரிக்காவுல போட்ட புக்குதானே? தன் கேமை விக்க போட்ட விளம்பரத்துக்கு எதுக்கு வரலாறு எல்லாம்?

– ஒரு வாசகர்

தம்பி,

கம்பெனி புக்குதான், அதுல சந்தேகமே வேணாம். தன் கேமை மட்டம்னு அது எழுதாது. ஆனா 1988ல அமெரிக்காவுல ஒரு பத்து வயசு பையன் நிண்டெண்டோவோட செல்டா கேம்ல பாதி வழியில மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவான்னு யோசிச்சு பாருங்க. நெட் கிடையாது, கூட படிக்கிறவனுக்கு தெரிஞ்சா உண்டு, இல்லன்னா நிண்டெண்டோவுக்கே போன் போடணும், ரெட்மண்ட்ங்கிற ஊர்ல இருக்குற அவங்க அமெரிக்க ஆபீஸ்ல அதுக்குன்னே கேம் கவுன்சலர்னு ஆளுங்க உக்காந்து நாள் பூரா பதில் சொல்லிட்டிருந்தாங்க. 1987ல நிண்டெண்டோ தன் ரசிகர் கிளப் மெம்பர்ஸுக்கு ஃபன் கிளப் நியூஸ்னு இலவசமா ஒரு சின்ன இதழ் அனுப்பினாங்க, மெம்பர்ஸ் எக்கச்சக்கமா சேர்ந்துட்டாங்க, அதுலேர்ந்துதான் 1988 ஜூலை-ஆகஸ்ட்ல காசு கொடுத்து வாங்குற பத்திரிகையா நிண்டெண்டோ பவர் வந்துச்சு. கெய்ல் டில்டன்தான் அதை நடத்தினாங்க.

நான் தூக்கி வெச்சு பேசுறது அதுல வந்த மேப்புகளை. டிவியில ஆடும்போது ஒரு நேரத்துல ஒரு ஸ்கிரீன் அளவுதான் கண்ணுக்கு தெரியும், அடுத்து பள்ளமா எதிரியான்னு போனாதான் தெரியும். இவங்க ஸ்கிரீனை துண்டு துண்டா போட்டோ புடிச்சு, ஒட்டி, மொத்த லெவலையும் ஒரே நீள படமா பக்கத்துல விரிச்சு வெச்சாங்க. எந்த கதவு எங்க போகுது, கூடுதலா ஆட கிடைக்குற உயிர் (லைஃப்) எங்க ஒளிஞ்சிருக்குன்னு விரலை வெச்சு தடவிப் பாத்துக்கிட்டே போகலாம். ஒரு லெவலை எப்படி கட்டியிருக்காங்கன்னு பசங்க முழுசா பாத்தது அங்கதான், விளம்பரமோ இல்லையோ, அந்த வேலையை அவ்வளவு அக்கறையா செஞ்சாங்க.

நீங்க சொல்ற விளம்பரம்கூட சில சமயம் பெரிய வேலை பாத்திருக்கு. 1989ல டிராகன் வாரியர்னு ஒரு கேம் அமெரிக்காவுல வந்து சரியா போகல, ஜப்பான்ல அதோட பேரு டிராகன் குவெஸ்ட், அங்க அது சக்கை போடு போட்ட கேம். 1990ல நிண்டெண்டோ பவருக்கு சந்தா கட்டினவங்களுக்கு அந்த கேம் இருக்குற கேட்ரிட்ஜையே, கூட ஒரு கைடு புக்கும் சேர்த்து, சும்மா கொடுத்தாங்க. சந்தா 20 டாலர், கேம் தனியா வாங்கினா அதைவிட ரொம்ப அதிகம். அதுக்கு முன்னாடி ஆர்பிஜின்னா (ஒரு பாத்திரமா கதைக்குள்ள போய், கொஞ்சம் கொஞ்சமா பலம் ஏத்தி ஆடுற கேம்) என்னன்னே தெரியாத எத்தனையோ பசங்க முதல்ல ஆடினது அதுதான்.

அப்புறம் 2007 கடைசியில பத்திரிகை ஃபியூச்சர்ங்கிற பதிப்பு கம்பெனி கைக்கு போச்சு, 2012 டிசம்பர்ல 285ஆவது இதழோட நின்னுடுச்சு.

எனக்கு அதுமேல இருக்குற உண்மையான வருத்தம் வேற. அதை மட்டுமே படிச்ச பையனுக்கு நிண்டெண்டோவுக்கு போட்டியா சேகான்னு ஒரு கேம் கம்பெனி இருக்குறதே தெரியாது. அதனால அதே காலத்து இன்னொரு அமெரிக்க கேம் பத்திரிகை எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லியையும் எடுத்து வெச்சுக்கோங்க, அதுல ஒரே கேமுக்கு நாலு பேர் தனித்தனியா மார்க் போடுவாங்க. ஒரே வருஷத்து இதழ் ரெண்டையும் பக்கத்துல வெச்சு படிச்சுட்டு மறுபடி எழுதுங்க.