தண்டல் வட்டி எத்தனை சதவீதம்? பாடம் அங்கேதான் தொடங்குகிறது

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். நான் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பில்லிங் வேலை பார்க்கிறேன். கணவர் மாலையில் அத்தோ கடை போடுகிறார். கடைக்கு அடிக்கடி தண்டல் வாங்குவோம்: 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். நகை 1,20,000-க்கு அடகில் இருக்கிறது, ரெண்டு வட்டி. தெருவில் 20 பேர் சேர்ந்து ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, இன்னும் எடுக்கவில்லை. வருஷம் 30,000 பிரீமியத்தில் ஒரு பாலிசி, ஆறு வருஷம் கட்டியாகிவிட்டது. 20 வருஷ முடிவில் 10,40,000 வரும் என்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்தார். ஊரில் நிலம் விற்றதில் என் பங்கு 2 லட்சம் வந்திருக்கிறது. தெரிந்த கம்பெனியில் போட்டால் மாதம் 3 வட்டி என்கிறார் மாமா மகன். எனக்கோ ஷேர் மார்க்கெட் கற்றுக்கொள்ள ஆசை. வகுப்புக்கு 25,000 கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: வகுப்பு வேண்டாம். அந்தப் பணத்துக்கு இத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் சொல்லித் தருவது ஆப்ஷன் டிரேடிங், அதாவது பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று குறுகிய கால ஒப்பந்தங்களில் பணம் கட்டுவது. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற இந்த வகை ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள், சராசரி நஷ்டம் தலைக்குச் சுமார் 2 லட்சம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024-ல் கணக்கு வெளியிட்டது. நீங்கள் படிக்க வேண்டியதெல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வட்டி எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிப்பதுதான் பாடம்.

தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரத்துக்கு 1,500 பிடித்தால் 15 வட்டி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டு இடத்தில் கணக்கு தவறுகிறது. உங்கள் கைக்கு வந்தது 8,500தான். அதுவும் 100 நாளும் உங்களிடம் இருப்பதில்லை; மறுநாளே 100 ரூபாய் திரும்பத் தொடங்குகிறது. சராசரியாகப் பாதிப் பணத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள். ஆபீஸில் எக்செல் இருக்குமே, அதில் ‘ரேட்’ ஃபார்முலாவைத் திறந்து 100 தவணை, மைனஸ் 100 ரூபாய், கையில் வந்தது 8,500 என்று கொடுங்கள். மைனஸை விட்டுவிட்டால் பிழை காட்டும். பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். விடை 0.0033 என்று வரும், அது ஒரு நாள் வட்டி. (0% என்று காட்டினால் தசம இடங்களைக் கூட்டிப் பாருங்கள்.) 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம்.

சீக்கிரம் அடைத்தால் மிச்சமாகுமா என்றால், ஆகாது. வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டதால் 40 நாளில் முடித்தாலும் அந்த 1,500-ல் ஒரு ரூபாய் குறையாது, அவராக மனது வைத்தால்தான் உண்டு. ஆகவே ஓடுகிற தண்டலை ஓடவிட்டு, அடுத்ததை எடுக்காமல் இருப்பதே வழி. அதற்குக் கையிருப்பு வேண்டும், கீழே சொல்கிறோம்.

நகைக்கு வருவோம். ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மாதம் 2,400, வருஷம் 28,800. 2 லட்சத்தில் 1,20,000-ஐ எடுத்துப் போய் நாளைக்கே மீட்டுவிடுங்கள். ரிஸ்க்கே இல்லாமல் 24 சதவீதம் மிச்சம் தருகிற முதலீட்டை எந்த வகுப்பிலும் யாரும் உங்களுக்குக் காட்டப்போவதில்லை. மீதி 80,000 வங்கி ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கட்டும். அதை 10,000, 20,000 என்று பிரித்துப் போட்டால், கடைக்குச் சரக்கு வாங்க அவசரம் வரும்போது ஒன்றை மட்டும் உடைக்கலாம். தண்டலுக்குப் பதில் இதுதான்.

சீட்டு சமாச்சாரம் கொஞ்சம் நுணுக்கம். 20 பேர், மாதம் 5,000. மூன்றாம் மாதம் ஒருவர் 28,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு 72,000. தள்ளின 28,000-ல் சீட்டு பிடிப்பவரின் கமிஷன் 5,000 போக 23,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,150 கழிவு. அந்த மாதம் நீங்கள் கட்டுவது 3,850. இப்படி 20 மாதமும் கட்டியதைக் கூட்டி 87,000 வந்து, கடைசியில் 95,000 எடுத்தால் லாபம் 8,000. பணம் சராசரியாக ஒன்பது மாதம்தான் உள்ளே இருந்தது. ஆண்டுக்கு 12 சதவீதம் பக்கம் வரும், மோசமில்லை. ஆனால் மூன்றாம் மாதம் எடுத்தவருக்கு அதே சீட்டு ஏறக்குறைய 30 சதவீத வட்டிக் கடன். கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு, முதலில் எடுப்பவருக்குக் கடன். உங்கள் சீட்டு நோட்டில் எல்லா எண்ணும் இருக்கும், போட்டுப் பாருங்கள்.

அந்த 12 சதவீதமும் சீட்டு பிடிப்பவர் ஊரில் இருக்கும்வரைதான். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவாளரின் முன் அனுமதியும், ஏலம் தொடங்கும் முன் தொடக்கச் சான்றிதழும் வேண்டும். நடத்துபவர் ஈடு வைக்க வேண்டும். கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தெருச்சீட்டில் இது எதுவும் கிடையாது. நடப்பதை முடித்துக்கொண்டு, அடுத்ததைப் பதிவு செய்த இடத்தில் போடுங்கள்.

பாலிசிக்கும் அதே ‘ரேட்’தான்: 20 தவணை, மைனஸ் 30,000, அடுத்த இடத்தில் 0, பிறகு 10,40,000, கடைசியில் 1 (வருஷத் தொடக்கத்திலேயே கட்டுவதால்). விடை 5 சதவீதம். இதே 30,000-ஐ தபால் நிலையத்தில் பிபிஎஃப் என்ற அரசு சேமிப்புக் கணக்கில் 15 வருஷமும், மேலே ஒரு 5 வருஷ நீட்டிப்புமாகப் போட்டிருந்தால், 7.1 சதவீத வட்டி அப்படியே நீடிக்கும் பட்சத்தில் சுமார் 13,30,000 வரும். உடனே போய் பாலிசியைப் பாதியில் முறித்து சரண்டர் செய்துவிடாதீர்கள். இன்று சரண்டர் செய்தால் எவ்வளவு, பெய்டு-அப் ஆக்கினால் (இனி பிரீமியம் கட்டாமல் குறைந்த தொகையோடு தொடர்ந்தால்) முடிவில் எவ்வளவு என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள். வீட்டில் சம்பாதிக்கிற இருவருக்கும் டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) கைக்கு வந்த பிறகுதான் இதை நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மாமா மகன் சொல்லும் 3 வட்டி ஆண்டுக்கு 36 சதவீதம். நல்ல தொழில் நடத்துகிறவருக்கு வங்கி இதில் பாதிக்கும் குறைவான வட்டிக்குக் கடன் தரும். உங்களிடம் ஏன் 36-க்கு வாங்க வேண்டும்? 2022-ல் வெடித்த ஆருத்ரா நிதி நிறுவன மோசடி வழக்கில் சுமார் ஒரு லட்சம் பேரிடம் திரட்டியதாகச் சொல்லப்படும் தொகை 2,438 கோடி.  மாமா மகனிடம் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியோ வேறு கட்டுப்பாட்டு அமைப்போ தந்த அனுமதியின் நகலை மட்டும் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்திலும் பெயரைத் தேடலாம். ஜிஎஸ்டி எண்ணும் கம்பெனிப் பதிவுச் சான்றும் டெபாசிட் வாங்க அனுமதி ஆகாது; அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள்.

ஷேர் மார்க்கெட் ஆசையை விட வேண்டாம். செபியின் நிதிக் கல்விக் கையேடு தமிழிலேயே இலவசம். அதைப் படித்துக்கொண்டே நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் (நிஃப்டி பட்டியலில் உள்ள 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளில் பணம் போடும் ஃபண்ட்) ஒன்றில் மாதம் 500 அல்லது 1,000 போடுங்கள். ‘டைரக்ட்’ பிளானா என்று பார்த்துப் போடுங்கள். ‘ரெகுலர்’ என்றால் விநியோகஸ்தர் கமிஷன் வருஷாவருஷம் உங்கள் பணத்திலிருந்து போகும். ஏழெட்டு வருஷத்துக்குத் தேவைப்படாத பணம் மட்டும்தான் இங்கே வரலாம்; 2020-ல் ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச்சுக்குள் நிஃப்டி சுமார் 38 சதவீதம் இறங்கியது. மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் எஸ்ஐபி தேதியைச் சம்பளம் ஏறிய மறுநாளுக்கு வையுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால், 500 ரூபாய் தவணைக்கும் வங்கி அபராதம் பிடித்துவிடும்.