பிளக்கைப் போட முதல்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள்ல பாதி டிவி அளவைப் பற்றித்தான். வருசக் கடைசி வந்தா கடைக்காரர் விலையைக் குறைக்கினமோ இல்லையோ, வீடுகள்ல சண்டை கூடுது. சரி, தொடங்குவம்.

வெள்ளவத்தை வாசகி: எங்கட ஃபிளாட் ஆறாம் மாடி, கடல் பக்கம். சோபாவில இருந்து சுவர் மட்டும் 9 அடி. இவருக்கு 75 இன்ச் டிவி வேணுமாம், எனக்கு 55 காணும். ஆர் சொல்றது சரி?

ரெண்டு பேரும் சரியில்ல, தங்கச்சி, நடுவில ஒண்டு இருக்கு. கணக்கு லேசு. டிவியின்ர மூலைக்கு மூலை அளவை 1.6 ஆல பெருக்குங்கோ, எவ்வளவு தள்ளி இருக்க வேணும் எண்டு வரும். 55க்கு 88 இன்ச், அதாவது 7 அடி 4 இன்ச். 65க்கு 8 அடி 8 இன்ச். 75க்கு சரியா 10 அடி. உங்கட 9 அடிக்கு 65 பொருந்தும். ஆனா இது 4கே படம், நல்ல கிளியரா வாற மட்ச் பாக்கிற ஆக்களுக்கான கணக்கு. பின்னேரம் முழுக்க அன்ரனாவில வாற நாடகமும் செய்தியும்தான் ஓடுது எண்டா, அந்தப் படத்தைப் பெரிசாக்கப் பெரிசாக்க முகமெல்லாம் ஈரச் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு தெரியும், அப்ப நீங்கள் கேட்ட 55 தான் நல்லம்.

கடைக்குப் போக முதல் பழைய பேப்பரை ஒட்டி சுவரில போட்டுப் பாருங்கோ. 55 எண்டா 122 சென்றிமீற்றர் அகலம், 68 உயரம். 65 எண்டா 144க்கு 81. 75 எண்டா 166க்கு 93. ரெண்டு நாள் அப்பிடியே விட்டிட்டு சோபாவில இருந்து தேத்தண்ணி குடியுங்கோ. கடையில எல்லா டிவியும் சின்னனாத்தான் தெரியும், அங்க கூரை அவ்வளவு உயரம். பேப்பரை ஒட்டேக்க அதின்ர நடு, நீங்கள் கதிரையில இருக்கேக்க உங்கட கண் நிக்கிற உயரத்துக்குக் கிட்ட வரட்டும், நிலத்தில இருந்து மூண்டரை அடி அளவில. சாமிப் படம் மாட்டுற உயரத்தில டிவியை மாட்டிப்போட்டு கழுத்து நோகுது எண்டு சொல்ற வீடுகள் கனக்க.

இப்ப 75ஐப் பற்றி ஒண்டு சொல்லவேணும். என்ர மச்சான் ஒருத்தர் அதைத்தான் வாங்கினவர். லொறியில வந்து இறங்கினாப் பிறகுதான் தெரிஞ்சது பெட்டி 6 அடிக்கு மேல நீளம், லிஃப்டுக்குள்ள போகாது எண்டு. நிமித்திப் பாத்தாங்கள், சரிச்சுப் பாத்தாங்கள், வாச்சர் ஐயா வந்து தன்ர பங்குக்கு ஒரு யோசனை சொன்னார், ஒண்டும் சரிவரேல்ல. நாலு பேர் படியால தூக்கினம், நானும் ஒருத்தன். மூண்டாம் மாடித் திருப்பத்தில ஒரு பெடியன் "படுக்க வைச்சுத் தூக்குவம்" எண்டான், நாங்களும் களைச்சுப்போய் ஓம் எண்டிட்டம். மேல கொண்டு போய் பிளக்கைப் போட்டா, இடது கீழ் மூலையில இருந்து சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. பெரிய பனல், அதாவது திரை, எப்பவும் நிமிந்துதான் நிக்கவேணும், படுக்கப் போட்டா தன்ர பாரத்திலயே வளையும். வாரண்டி? வெடிப்புக்கு வாரண்டி இல்ல எண்டு பில்லின்ர பின்பக்கத்தில சின்ன எழுத்தில இருந்தது. ஆகவே லிஃப்டின்ர கதவையும் உள்ளையும் அளந்து போட்டுப் போங்கோ, கடையில டிவியின்ர அளவைக் கேளாதேங்கோ, பெட்டியின்ர அளவைக் கேளுங்கோ.

கடல் பக்கம் எண்டபடியா இன்னும் ரெண்டு விசயம். மேற்கு யன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில டிவியைப் போடாதேங்கோ, மூண்டு மணிக்குப் பிறகு உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டு இருப்பியள். மற்றது உப்புக் காத்து. பின்னால இருக்கிற எச்டிஎம்ஐ, யூஎஸ்பி ஓட்டையள்ல பச்சையாப் பூக்கும், யன்னலோரம் வைச்ச செட்டுகள் அப்பிடித்தான் பழுதாகிறது. யன்னலில இருந்து தள்ளி வையுங்கோ, கிழமையில ரெண்டு மூண்டு நாளாவது போட்டு ஓட விடுங்கோ, உள்ளுக்க வாற சூடு ஈரத்தைக் காய வைக்கும்.

கடையில இன்னொண்டு, நேர நிண்டு மட்டும் பாக்காமப் பக்கவாட்டில நிண்டும் பாருங்கோ. எங்கட ஹோல்கள்ல பாதிச் சனம் சைட்டில கதிரை போட்டுத்தான் இருக்கிறது. ஐபிஎஸ் எண்ட வகைப் பனல் சைட்டில இருந்து பாத்தாலும் கலர் மாறாது, விஏ எண்ட வகை நேர பாத்தா கறுப்பு நல்ல கறுப்பு, சைட்டில வெளுத்துப் போகும். ஓஎல்ஈடி எண்ட வகை ரெண்டிலயும் கெட்டி, விலையும் கெட்டி, ஆனா விடிஞ்சதில இருந்து படுக்கும் மட்டும் ஒரே நியூஸ் சனல் ஓடுற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டன், சனலின்ர லோகோவும் கீழ ஓடுற பட்டையும் நாள் போகப் போகத் திரையில தழும்பாப் பதிஞ்சு போகும்.

பம்பலப்பிட்டி வாசகர்: புது டிவியில சண்டைக் காட்சி எண்டா காது அடைக்குது, ஆனா ஆக்கள் கதைக்கிறது விளங்குதில்ல. ரயில் போகேக்க சொல்லவே வேண்டாம். ஹோம் தியேட்டர் வாங்கவோ, சவுண்ட்பார் காணுமோ?

அண்ணை, ரயிலை நிப்பாட்ட என்னால ஏலாது. மற்றதுக்கு வழி இருக்கு. இப்பத்தைய டிவியள் தட்டையா வர வர ஸ்பீக்கருக்கு இடமில்லாமப் போச்சு, கீழ பாத்தபடியோ பின்னால சுவரைப் பாத்தபடியோ வைச்சிருக்கிறாங்கள், அப்ப சத்தம் சுவரில பட்டுத்தான் உங்கட காதுக்கு வருது. முதல்ல காசு செலவழிக்காம ஒண்டு செய்யுங்கோ. சவுண்ட் செட்டிங்கில "கிளியர் வொய்ஸ்" எண்டோ "டயலொக்" எண்டோ ஒண்டு இருக்கும், அதைப் போடுங்கோ, "நைட் மோட்" இருந்தா அதையும். அது பெரிய சத்தத்தைக் குறைச்சு சின்னச் சத்தத்தைக் கூட்டும். பாதிப் பேருக்கு அதோட பிரச்சினை முடிஞ்சிடும்.

முடியாட்டி சவுண்ட்பார். 3.1 எண்டு போட்டிருக்கிறதைப் பாருங்கோ, அதில நடு ஸ்பீக்கர் ஒண்டு ஆக்கள் கதைக்கிறதுக்கெண்டே இருக்கு, 2.1இல அது இல்ல. அஞ்சாறு பெட்டி ஹோம் தியேட்டர் வாடகை வீட்டுக்கு வேண்டாம், பின்பக்கத்து ஸ்பீக்கருக்கு வயர் இழுத்து, அது கதவுக்குள்ளால போய், ஆரோ தடக்கி விழுந்து, கடைசியில ரெண்டு ஸ்பீக்கரும் முன்னுக்கு வந்து டிவிக்குப் பக்கத்தில நிக்கும். நான் பாத்த வீடுகள்ல முக்கால்வாசி இதுதான் கதை.

வாங்கினாப் பிறகு புளூடூத்தில போடாதேங்கோ, வாய் முதல் அசையும், பேச்சு பிறகு வரும். டிவிக்குப் பின்னால இருக்கிற எச்டிஎம்ஐ ஓட்டையள்ல ஒண்டில மட்டும் ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி எண்டு எழுதியிருக்கும், டிவியின்ர சத்தம் வெளியில போற ஓட்டை அதுதான், அதிலதான் குத்த வேணும், மற்ற ஓட்டையில குத்திப்போட்டு சவுண்ட்பார் பழுது எண்டு திருப்பிக் கொண்டு போன ஆக்களை எனக்குத் தெரியும். பிறகு செட்டிங்கில சிஈசி எண்டதை ஒன் பண்ணுங்கோ. ஒவ்வொரு கொம்பனியும் அதுக்கு ஒவ்வொரு பேர் வைச்சிருக்கு, சம்சுங்கில எனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க். அது ஒன் ஆனா ஒரு ரிமோட்டாலயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், மேசையில மூண்டு ரிமோட் கிடந்து உருளத் தேவையில்ல.

புறக்கோட்டைப் பக்கம் "5000 வாட்" எண்டு ஸ்டிக்கர் ஒட்டின செட் பாத்தா சிரிச்சிட்டு வாங்கோ. அது பிஎம்பிஓ எண்ட ஒரு பகிடிக் கணக்கு. பின்னால லேபிள்ல அது எத்தினை வாட் கரண்ட் எடுக்குது எண்டு போட்டிருக்கும், 60 வாட் எடுக்கிற பெட்டி 5000 வாட் சத்தம் எங்க இருந்து தரும்? ஆர்எம்எஸ் எண்ட கணக்கைக் கேளுங்கோ, அது தொடர்ந்து தரக்கூடிய வாட்.

கொள்ளுப்பிட்டி வாசகர்: தங்கம் பூசின எச்டிஎம்ஐ கேபிள்ல படம் கிளியரா வருமோ?

வராது. அதில ஓடுறது டிஜிட்டல், ஒழுங்கா வந்து சேந்தா எல்லா கேபிள்லயும் அதே படம்தான், சேராட்டி படம் வெட்டும், இல்ல கறுப்பாகும். 2 மீற்றருக்குள்ள எண்டா செக்கனுக்கு 18 ஜிகாபிட் கடத்துற "பிரீமியம் ஹைஸ்பீட்" கேபிள் காணும். பிளேஸ்டேஷன் 5ஐ செக்கனுக்கு 120 பிரேம்ல (பிரேம் எண்டா ஒரு தனிப்படம்) விளையாடுற பெடியள் வீட்டில இருந்தா மட்டும் 48 ஜிகாபிட் "அல்ட்ரா ஹைஸ்பீட்".

மட்டக்குளி வாசகர்: புது டிவியில பழைய படம் பாத்தா ஏதோ மேடை நாடகம் ரெக்கோட் பண்ணின மாதிரி இருக்கு. அப்பா டிவியை மாத்தச் சொல்றார்.

மாத்த வேண்டாம் எண்டு அப்பாட்ட சொல்லுங்கோ தம்பி. சினிமாப் படம் செக்கனுக்கு 24 பிரேம், டிவி இடையில இல்லாத பிரேமையெல்லாம் தானாக் கீறிச் சேர்த்து வழுவழுப்பாக்குது. மோஷன் எண்ட பேரில இருக்கும், எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோ, அதை நிப்பாட்டுங்கோ. "ஃபில்ம்மேக்கர் மோட்" இருந்தா ஒரே அமத்தலில எல்லாம் சரி. மட்ச் பாக்கேக்க திருப்பிப் போட்டாலும் பிழையில்ல.

கொட்டாஞ்சேனை வாசகி: இடி மின்னலில டிவியும் ரவுட்டரும் போட்டுது. கடையில புது டிவியோட ஸ்டெபிலைசரும் வாங்கச் சொல்றாங்கள். வாங்கவோ?

அக்கா, புது டிவியின்ர பின்னால லேபிளைப் பாருங்கோ, 100–240 வொல்ட் எண்டு இருக்கும். கரண்ட் ஏறி இறங்கினாலும் அது சமாளிக்கும், எங்கட லைன் 230. ஸ்டெபிலைசர் பழைய காலத்து டிவிக்குச் சரி, இப்ப அந்தக் காசு வீண். மின்னலுக்கு அது மறிப்பும் இல்ல.

மின்னல் கரண்ட் வயரால மட்டும் வாறேல்ல, இதைத்தான் சனம் மறக்குது. மொட்டை மாடியில நிக்கிற அன்ரனா வயர், டிஷ் வயர், ரவுட்டருக்கு வாற செப்பு டெலிபோன் லைன், எல்லாத்தாலயும் வரும். உங்கட ரவுட்டரும் சேர்ந்து போனதைப் பாத்தா எனக்கு அந்தப் பக்கம்தான் சந்தேகம். மார்ச், ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் மத்தியானத்துக்குப் பிறகு கொழும்பில வானம் கறுக்கேக்க சுவிச்சை மட்டும் நிப்பாட்டாதேங்கோ, பிளக்கைக் கழட்டுங்கோ, அன்ரனா வயரையும் கழட்டுங்கோ. மழை தொடங்க முதல். இடி தலைக்கு மேல நிக்கேக்க போய் வயரைத் தொடாதேங்கோ, டிவி போனாப் போகட்டும்.

சேர்ஜ், அதாவது திடீரெண்டு பாயுற மிகுதிக் கரண்ட், அதுக்குப் பாதுகாப்புள்ள மல்ட்டி பிளக் ஒண்டு வாங்குங்கோ, அது பிரயோசனம். ஆனா எர்த் ஒழுங்கா இருந்தாத்தான் முழுசா வேலை செய்யும். பழைய வீடுகள்ல உருண்டை ஓட்டை பிளக்கில ரெண்டு கம்பி அடப்டரைக் குத்தி அதில சேர்ஜ் மல்ட்டி பிளக்கைக் கொழுவி வைச்சிருப்பினம், மிகுதிக் கரண்ட் நிலத்துக்கு இறங்கிறதுக்கு வழியே இல்ல, லைட் மட்டும் பச்சையா எரியும். வயரிங் பாஸைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிச்சையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ, ட்ரிப் சுவிச்சில "டெஸ்ட்" பட்டன் இருக்கு, அமத்தினா விழவேணும், விழாட்டி டிவியை விட அதுதான் முதல் அவசரம்.

தெஹிவளை வாசகர்: அம்மா பாடின கசட்டுகள் ஒரு பிஸ்கற் டின் நிறைய இருக்கு. 80களில ரெக்கோட் பண்ணினது. அம்மா இப்ப இல்ல. பழைய கசட் செட்டைப் போட்டா ஓடுதில்ல, உள்ளுக்க மோட்டர் சத்தம் மட்டும் கேக்குது. கொம்பியூட்டருக்கு மாத்த ஏலுமோ?

ஏலும் ஐயா, ஆனா ஆறுதலாச் செய்யுங்கோ. மோட்டர் சத்தம் கேட்டு ஓடாட்டி பெல்ட்தான். றப்பர் பெல்ட் கன வருசம் சும்மா கிடந்தா இளகித் தார் மாதிரி ஒட்டிப்போகும், விரலில பட்டா மூண்டு நாளைக்குப் போகாது. திருத்திற ஆக்கள் இன்னும் இருக்கினம், புது பெல்ட் பெரிய விலையில்ல. பெல்ட் மாத்தேக்க, ரேப்பைத் தொட்டு வாசிக்கிற ஹெட்டையும் ஐசோபுரோப்பில் அல்ககோலில தோய்ச்ச பஞ்சுக் குச்சியால துடைக்கச் சொல்லுங்கோ, மண்ணிறமா வரும், வெள்ளையா வரும் மட்டும் துடைக்க வேணும்.

கசட்டைப் போட முதல் யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. ரேப்பில வெள்ளைப் பூஞ்சணம் இருந்தா போடாதேங்கோ, அது ஹெட்டில ஒட்டி அடுத்த கசட்டுக்கும் போகும், அதைத் தனியா வையுங்கோ. நல்லதுகளை ஒருக்கா முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் சுத்துங்கோ. ரேப்பை ஹெட்டில அமத்திப் பிடிக்கிற அந்தக் குட்டிப் பஞ்சு கழண்டிருந்தா சத்தம் மங்கலா வரும், பசை போட்டு ஒட்டலாம்.

செட்டில "லைன் அவுட்" இருந்தா அதில இருந்து எடுங்கோ, இல்லாட்டி ஹெட்ஃபோன் ஓட்டை, சத்தத்தைப் பாதியில வைச்சு. லப்டொப்பின்ர மைக் ஓட்டையில நேர குத்தினா குரல் கிழியும், யூஎஸ்பி ஓடியோ கப்சர் எண்டு சின்னச் சாமான் ஒண்டு விக்கிறாங்கள், அது வேணும். ஓடாசிட்டி எண்ட மென்பொருள் காசில்ல, அதில ரெக்கோட் பண்ணி, சத்தத்தைச் சுருக்காத வேவ் ஃபைலா வையுங்கோ, எம்பி3 பிறகு செய்யலாம். ஒரு 90 நிமிசக் கசட் 1 ஜிபிக்குக் கொஞ்சம் குறைய வரும். ரெக்கோட் ஓடேக்க பக்கத்தில இருங்கோ, ரேப் சிக்கினா உடன நிப்பாட்ட வேணும், நீங்கள் குசினிக்குள்ள போய் வாறதுக்குள்ள செட் அரைவாசியைத் திண்டிடும். இரைச்சலைக் குறைக்கிறன் எண்டு தொடக்கத்திலயே ஒண்டும் செய்யாதேங்கோ, அந்த இரைச்சலோட சேர்த்துத்தான் அம்மான்ர மூச்சும் போகும். ஒரு பிரதி லப்டொப்பில, ஒண்டு பென்டிரைவில, ஒண்டு வெளியூர்ல இருக்கிற சொந்தக்காரர் ஆரிட்டையாவது.

இதெல்லாத்துக்கும் முதல் ஒரு வேலை. கசட்டின்ர மேல் விளிம்பில, ரெண்டு மூலையிலயும் சின்ன பிளாஸ்ரிக் பல் இருக்கும். அது இருக்கும் மட்டும் ஆரும் தெரியாம ரெக்கோட் பட்டனை அமத்தினா அம்மான்ர பாட்டுக்கு மேல வீட்டுச் சத்தம் ஏறிடும். ஸ்குரூ டிரைவர் நுனியால ரெண்டையும் உடைச்சுவிடுங்கோ, டின்னில இருக்கிற எல்லாக் கசட்டுக்கும், இண்டைக்கே.