கடைசியில் வருபவரை முன்னால் விடுங்கள்

வார இறுதி மலைநடை, டென்ட், குகைப் பயணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அக்கா, நாங்கள் நண்பர்கள் ஆறு பேர். சனி, ஞாயிறு வந்தால் மலைக்குக் கிளம்பிவிடுவோம். எப்போதும் நான்தான் கடைசி. அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வேன். “சரி, வந்துட்டா, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். இனி போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: போவதை நிறுத்தாதீர்கள். மாற வேண்டியது நீங்கள் நடக்கும் வரிசைதான். முன்னால் போனவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு கிடைக்கிறது. உங்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவர்தான் ஓய்வே இல்லாமல் நடக்கிறார். அப்புறம் மதியத்துக்கு மேல் இடைவெளி இன்னும் கூடத்தானே செய்யும்?

எங்கள் கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் இரண்டாவது ஆளாக நடப்பார். முதல் ஆள் வழி பார்ப்பதோடு, பின்னால் வருபவரின் மூச்சையும் காதில் வாங்கிக்கொண்டே போவார். பேச்சு நின்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டால் உடனே வேகத்தைக் குறைப்பார். வழி நன்றாகத் தெரிந்த ஒருவர் கடைசியில் வருவார். அந்த இடம் என்னுடையது, யாருக்கும் விட்டுத் தர மாட்டேன். எல்லோரும் எனக்கு முன்னால் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் என்னால் நிம்மதியாக மலையைப் பார்க்க முடிகிறது. பாதை பிரியும் இடங்களில் எல்லோரும் சேரும்வரை ஒருவரும் நகரக் கூடாது. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரமே தொடங்கும்.

சுமையையும் மாற்றிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டென்ட் துணி, அடுப்பு, பொதுவான தண்ணீர் எல்லாம் வேகமாக நடப்பவர்களின் பையில் ஏறட்டும். உங்கள் வேகம் கொஞ்சம் கூடும், அவர்கள் வேகம் கொஞ்சம் குறையும். ஆறு பேரும் சேர்ந்து நடக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

நேரக் கணக்கு ஒன்றும் சொல்கிறேன். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தூரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். 12 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் இருந்தால் ஏறக்குறைய 4 மணி நேரம் வரும். நன்றாகப் பழகிய கால்களுக்கான கணக்கு இது. சாப்பாடு, ஓய்வு, போட்டோ எதுவும் இதில் சேராது. அதே பாதையில் உங்களுக்கு 6 மணி நேரம் ஆகிறதென்றால், உங்கள் குழுவுக்கே அது 6 மணி நேரப் பாதைதான். கிளம்பும் நேரத்தை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இந்தப் பக்கத்தை நண்பர்களிடம் காட்டுங்கள். அவர்கள் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: உச்சி இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்ற இடத்தில், இருட்டிவிடும் என்று சொல்லிக் குழுவைத் திருப்பினேன். ஒரு நண்பன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்தது சரியா?

பதில்: சரி. அரை மணி ஏற்றம், உச்சியில் நிற்கும் நேரம், திரும்ப அதே இடத்துக்கு இறக்கம் எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரமாவது போயிருக்கும். களைத்த முழங்காலோடு, வெளிச்சம் இல்லாமல், சரளைக் கல்லில் இறங்குவது மிகவும் ஆபத்தானது. அடுத்த முறை, திரும்பும் நேரத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போதே எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிடுங்கள். ‘இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்’ என்று முன்பே பேசி வைத்திருந்தால், மலைமேல் நின்று ஒருவர் மற்றவரைத் தடுக்கும் நிலை வராது. எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. யார் “திரும்பலாம்” என்று சொன்னாலும் காரணம் கேட்காமல் திரும்புவோம். காரணத்தைக் கீழே இறங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த நண்பரோடு மறுபடி அதே மலைக்குப் போங்கள், இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி.

கேள்வி: நல்ல ஸ்லீப்பிங் பேக் வாங்கியும் டென்டில் இரவு முழுக்க நடுங்குகிறேன். ஏன்?

பதில்: அடியில் என்ன விரிக்கிறீர்கள்? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சுக்குள் தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. உடம்பின் எடையில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிட்டால் காற்று வெளியேறி, உங்கள் சூடு நேராகத் தரைக்குப் போய்விடும். கெட்டியான ஃபோம் மேட் ஒன்று போட்டுப் பாருங்கள். இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடையை ஒட்டிய அழகான புல்வெளியைவிட, கொஞ்சம் மேலே காற்று மறைவான மேட்டில் டென்ட் போட்டால் குளிர் குறையும். ஓடை திடீரென்று பெருகினாலும் ஆபத்து இல்லை. நடந்து வியர்த்த உடையோடு படுக்காதீர்கள். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸைத் தனியாகக் கட்டி வையுங்கள். நான் அதை நடக்கும்போது தொடுவதே இல்லை.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். குளிருக்காக அடுப்பையோ கரித் தணலையோ டென்டுக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: முகாமில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கமே வேண்டாம், எல்லோருக்கும் உள்ள தேவைதானே? தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் டென்டிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மண்ணால் மூடிவிடுங்கள். காகிதத்தையும் நாப்கினையும் பையில் கட்டித் திருப்பி எடுத்து வர வேண்டும். சின்ன மண்வெட்டியைக் குழுவுக்குப் பொதுவாக, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். யாரும் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியிருக்காது.

கேள்வி: போன வாரம் மலையில் ஒரு குகை வாயைப் பார்த்தோம். அடுத்த வாரம் நாலு பேர் உள்ளே போகப் போகிறோம். எல்லோர் போனிலும் டார்ச் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

பதில்: தம்பி, அடுத்த வாரம் போகாதீர்கள். நாலு பேர் என்பது நல்ல எண்ணிக்கைதான். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், இருவர் உதவிக்கு வெளியே வரலாம். ஆனால் போன் டார்ச்சை நம்பி நுழையக் கூடாது. குகைக்குள் இரு கைகளும் பாறையைப் பிடிக்க வேண்டும். ஹெல்மெட்டில் ஒரு விளக்கு, அதோடு தனித்தனி பேட்டரியுள்ள இன்னும் இரண்டு என்று ஆளுக்கு மூன்று விளக்குகள் இருக்க வேண்டும். உள்ளே விளக்கு அணைந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கண் பழகாது. பழகுவதற்குத் துளி வெளிச்சமும் அங்கே இல்லை.

அடுத்தது மழை. 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் போனார்கள். மழைவெள்ளம் திரும்பும் வழியை மூடிவிட்டது. ஜூலை 2-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஜூலை 10-க்குள் 13 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஆனால் அவர்களுக்காக உள்ளே போன முன்னாள் கடற்படை முக்குளிப்பு வீரர் சமன் குனான் திரும்பவில்லை. அந்தப் பெயரை நான் மறப்பதில்லை. வானம் தெளிவாக இருந்தாலும், மேலே எங்கோ பெய்த மழை குகைக்குள் வந்து சேரும். சுவரின் உயரத்தில் காய்ந்த சருகும் குச்சியும் ஒட்டியிருந்தால் அதுவரை தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பொருள்.

நேரமும் உள்ளே பிடிபடாது. பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் சிஃப்ர் 1962-ல் கடிகாரம் இல்லாமல் ஒரு குகையில் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, ஆகஸ்ட் 20 என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் கையில் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குள் வரவில்லை என்றால் யாரை அழைக்க வேண்டும் என்று வெளியே ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். போகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள். வரும்போது அதே பாதை வேறு முகம் காட்டும்.

வௌவால்கள் இருந்தால் தள்ளியே நில்லுங்கள். அவற்றின் எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். அதேபோல் நம் ஷூ மண்ணும் அவற்றுக்கு ஆபத்து. வட அமெரிக்காவில் வெண்மூக்கு நோய் என்ற பூஞ்சை நோய் 2006-ல் தென்பட்டது. பிறகு லட்சக்கணக்கான வௌவால்கள் செத்துப்போயின. அந்தப் பூஞ்சை மனிதர்களின் உடை, ஷூ வழியாகவும் பரவக்கூடியது. ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். தொங்கும் சுண்ணாம்புப் படிவங்களைத் தொடவே வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் வளரவே பல நேரம் நூறு ஆண்டு ஆகும்.

இத்தனையும் சொல்வது உங்களை விரட்ட இல்லை. குகையை எனக்கு அவ்வளவு பிடிக்கும். எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு, எங்கோ சொட்டும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டு உட்காரும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நான் போகிறேன். குகைப் பயணச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, அந்தக் குகையை அறிந்த ஒருவரோடு போங்கள். அந்த இடத்துக்கு அனுமதி தேவையா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் அம்மா பயந்து தூங்காமல் இருக்கிறார். எப்படிச் சமாதானம் செய்வது?

பதில்: சமாதானத்தைவிடத் தகவல் உதவும். போகும் பாதை, கூட வருபவர்களின் போன் எண்கள், வண்டி எண், கீழே இறங்கும் நேரம், அதற்கு மேல் எத்தனை மணி நேரம் காத்திருந்துவிட்டு மீட்புக் குழுவை அழைக்க வேண்டும், இவற்றை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். மலையில் சிக்னல் இருக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பையில் விசில் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது பல நாடுகளில் மலையில் உதவி கேட்கும் அடையாளம். அதையும் அம்மாவுக்கு ஊதிக் காட்டுங்கள். இறங்கி சிக்னல் வந்ததும், போட்டோ அனுப்பும் முன் அவருக்குப் போன் செய்யுங்கள்.