சூசுலான் என்றால் பால் இல்லை

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பெருநிலத்தில் இருக்கும் பிறை ஊருக்கு மருமகளாக வந்து ஆறு மாதம், பல் கிளினிக்கில் மேலாளர் வேலை, போன மாதம் மாநில சுகாதாரத் துறை அதிகாரிகள் வந்து குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், மறுபடியும் வருகிறார்களாம், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை வீடு, நல்லெண்ணெய். நல்லெண்ணெய்க்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போங்கள், எந்தக் கடையிலும் இருக்கும். வீட்டை அப்புறம் பார்ப்போம். தங்கை என்றே கூப்பிடுகிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நானும் கல்யாணமாகி வந்தவள்தான், திருவாரூர்ப் பக்கம். நான் கிளினிக்கில் சேர்ந்த புதிதில், 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டம் 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதுவரை டாக்டர் பல் மருத்துவராகப் பதிவு செய்திருந்தால் போதும் என்றிருந்த இடத்தில், கிளினிக்கையும் பதிவு செய், பொறுப்பாளர் யார் சொல், சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டு என்று வந்துவிட்டது. முதல் சோதனை முடிந்து தபாலில் வந்த தாளில் 'பெமெரிக்சாஆன் சூசுலான்' என்றிருந்தது. எனக்குத் தெரிந்த மலாய் சந்தை மலாய். சூசு என்றால் பால். பல்லுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம், பால் பல்லைப் பற்றிய சோதனையா என்று டாக்டரிடம் போய்க் கேட்டேன். பாவம் அந்தச் சீனர், சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொடர் சோதனையாம்.

தொடர் சோதனைக்கு வருகிறவர்கள் முதல் தடவைபோல் சுற்றிப் பார்க்க மாட்டார்கள். போன தடவை எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு நேராக அந்த இடத்துக்குப் போவார்கள். அவசர மருந்துப் பெட்டியில் அட்ரினலின் காலாவதி தேதி, ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பா கோட்டுக்கு மேல் நிரம்பியிருக்கிறதா, எக்ஸ்ரே கருவிக்கு உரிமம், நோயாளி புகார் செய்தால் யார் எப்படிப் பதில் சொல்வது என்பதற்கு எழுத்தில் ஒரு நடைமுறை. நீங்கள் வாயால் சொல்வது எதுவும் கணக்கில் வராது. எழுதியிருக்கிறதா, யார் எழுதியது, எப்போது எழுதியது, அவ்வளவுதான்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கருவிகளை நீராவியில் வேக வைக்கும் ஆட்டோகிளேவுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் வெப்பமும் அழுத்தமும் குறித்து வைக்க வேண்டும். எங்களிடம் இருந்தது பழைய இயந்திரம், தானாக அச்சிட்டுத் தராது. முதல் தடவை 'பதிவேடு இல்லை' என்று எழுதிவிட்டார்கள். நான் என்ன செய்தேன்? ஒரு நோட்டு வாங்கி, ஒரே ராத்திரியில், ஒரே நீலப் பேனாவில் மூன்று மாதத்தை நிரப்பினேன். 134 பாகை, 134 பாகை, 134 பாகை. கோலம் போட்டதுபோல் அழகாக இருந்தது.

வந்த மலாய்க்கார அம்மா பக்கங்களை மெல்லப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக, "தைப்பூசத்தன்றும் கிளினிக் திறந்திருந்தீர்களா?" என்று கேட்டார். தைப்பூசத்துக்கு மாநிலம் முழுக்க விடுமுறை. அன்றைக்கு நான் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் பால்குடத்தோடு நின்றிருந்தேன். அதே நாளில் என் கையெழுத்து மூன்று முறை கருவி வேக வைத்திருக்கிறது!

டாக்டர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "பொறுப்பாளர் நான்" என்று முன்னால் வந்து நின்றார். சட்டப்படியும் அவர்தான். அந்த அம்மா இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார். முள் 126ஐத் தாண்டவில்லை. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு, அதன் வழியாக நீராவி கசிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாகக் கசிகிறது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நோட்டு 134 என்றது.

ஆகவே தங்கை, விட்டுப்போனதை நிரப்பாதீர்கள். இன்றிலிருந்து எழுதுங்கள். நடுவில் வெற்றிடம் இருந்தால் இருக்கட்டும், ஏன் வெற்றிடம் என்று டாக்டர் எழுதிக் கையொப்பமிடட்டும். கருவிகளோடு உள்ளே வைத்து, கிருமி உண்மையிலேயே செத்ததா என்று பார்க்கும் கிருமி வித்துச் சோதனைக் குப்பியையும் ஒழுங்காக வைத்துப் பாருங்கள். முள் காட்டுவதை மட்டும் நம்பினால் போதாது.

இன்னொன்று. "கோப்பி காசு கொடுத்தால் முடிந்துவிடும்", அதாவது லஞ்சம் கொடுத்தால் போதும் என்று நம் ஊர் அண்ணன் ஒருவர் கட்டாயம் உங்களிடம் வந்து சொல்வார். இருபது வருடமாக இங்கே இருந்தும் மலாயில் ஒரு பாரத்தை நிரப்பத் தெரியாதவர்கள்தான் நமக்குச் சட்டம் சொல்லித் தருவார்கள். காதில் வாங்காதீர்கள். லஞ்சம் கொடுப்பவருக்கும் சிறை உண்டு. மலாயைப் படியுங்கள். நான் இரவு வகுப்புக்குப் போய்ப் படித்தேன். இன்று எங்கள் கிளினிக்கின் கடிதங்கள் எல்லாம் நான் எழுதுவதுதான்.

டாக்டர் அவசரமாக இருக்கும்போது "கொஞ்சம் கறை எடுத்துவிடு" என்று உங்களைச் சொன்னாலும் நோயாளி வாயில் கை வைக்காதீர்கள். 2022 ஜனவரியிலிருந்து புதிய பல் மருத்துவச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பதிவில்லாமல் பல் வைத்தியம் செய்தால் மூன்று லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஆறு ஆண்டு வரை சிறை. கணவர் விசாவில் இருக்கும் நமக்கு அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நோட்டு இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. தைப்பூச வரியின் மேல் அந்த அம்மா போட்ட சிவப்புக் கோடும் பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பமும் அப்படியே இருக்கின்றன. புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வருவார். வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து "சூசு" என்பார்.

வாடகை வீட்டுக்கு உங்கள் மாமியாரையே கேளுங்கள். பிறைப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை, நான் பினாங்குத் தீவுக்காரி.