தொலைநிலையா நேரடியா என்ற ஒப்பீடு வேண்டாம்

கேள்வி: காரைக்குடியில் எம்.எட். படிக்கிறேன். தொலைநிலையில் பி.எட். படிப்பவர்களையும் கல்லூரிக்கு வந்து படிப்பவர்களையும் ஒப்பிட்டு, யார் நன்றாகக் கற்பிக்கிறார்கள் என்று ஆய்வேடு எழுத நினைத்தேன். நெறியாளர் தலைப்பை மாற்றச் சொல்கிறார். ஏன்? வேறு எப்படிச் செய்வது?

பதில்: நெறியாளர் சொல்வது சரி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிகளின்படி, தொலைநிலை பி.எட்.டில் சேருகிறவர் ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கல்லூரிக்கு வந்து படிப்பவர்களோ பெரும்பாலும் பட்டப்படிப்பு முடித்த கையோடு வந்தவர்கள். வேறுபாடு தெரிந்தால் அது முன்பயிற்சியாலா, படிக்கும் முறையாலா என்று பிரிக்கவே முடியாது. ஒரு கற்பிக்கும் ஊடகத்தை இன்னொன்றோடு மோதவிடும் ஆய்வுகளின் இந்தக் கோளாறைக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே எடுத்துக்காட்டிவிட்டார்.

எல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே கல்லூரியில் பி.எட். மாணவர்கள் 40 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். எல்லாரும் 6 நிமிட நுண்நிலைப் பாடம் (ஒரே ஒரு கற்பிக்கும் திறனைப் பழகும் சிறு பாடம்) ஒன்றைச் செல்போனில் பதிந்து அனுப்பட்டும். மாணவர் பதிலை வைத்து மேலும் துருவிக் கேட்கும் திறன் ஒன்றே போதும். ஒரு குழுவுக்கு வழக்கமான பொதுக் கருத்து. மற்றதற்கு ‘2:40-இல் மாணவர் பதில் சொல்லுமுன் நீங்களே சொல்லிவிட்டீர்கள்’ என நேரம் குறித்த கருத்து. ஒரே ஆசிரியர், ஒரு வீடியோவுக்கு 15 நிமிடம், இரண்டு நாளில் பதில் என்பது இரு குழுவுக்கும் பொது. பிறகு மறுபாடம், அதாவது கருத்தைப் பார்த்துத் திருத்தி மீண்டும் எடுக்கும் பாடம்.

கெடுவது பெரும்பாலும் மதிப்பிடும் இடத்தில்தான். கருத்துச் சொன்னவரே மதிப்பெண் போடக்கூடாது. வேறு இருவர் போடட்டும். எது முதல் பாடம், எது மறுபாடம், யார் எந்தக் குழு என்று அவர்களுக்குத் தெரியாதபடி கோப்புப் பெயரை எண்ணாக்கிக் கலைத்துவிடுங்கள். இருவரின் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கப்பா என்ற புள்ளியியல் அளவில் பாருங்கள். 0.6-க்குக் கீழே வந்தால் மதிப்பெண் போடும் அளவுகோலின் வாசகத்தைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள். பத்து முறை எடுத்து நல்லதை அனுப்புகிறவர்களும் உண்டு. எத்தனையாவது பதிவு என்று எழுதி வாங்குங்கள்.

ஒலி தனித் தலைவலி. நம் பக்கத்துப் பெரிய வீட்டு முகப்பிலும் வளவிலும் (உள்முற்றம்) உயரக் கூரை, வழவழப்பான சுண்ணச் சுவர், ஆத்தங்குடிக் கல் தளம். அங்கே பதிந்தால் பேச்சு எதிரொலித்துக் கேள்வியே புரியாது. ஜமக்காளம் விரித்த சிற்றறையும் சட்டையில் மாட்டும் மைக்கும் போதும், மின்விசிறியை நிறுத்திவிட்டு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். மாணவராகச் சக பி.எட். மாணவர்களே உட்காரட்டும். பள்ளிப் பிள்ளைகள் முகம் தெரிந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

முதல் பாட மதிப்பெண்ணை இணைமாறியாக வைத்து அன்கோவா செய்யுங்கள்; தொடக்கத்திலேயே இருந்த வேறுபாட்டைச் சரிக்கட்டி மறுபாட மதிப்பெண்ணை ஒப்பிடும் கணக்கு அது. குழுவுக்கு 20 பேர் என்றால் பெரிய வேறுபாடுதான் புலப்படும். ஆகவே பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-ஐத் தாண்டினால், நம் ஆய்வேடுகளின் வழக்கப்படி ‘வேறுபாடு இல்லை’ என்று முடிக்காமல், சராசரி வேறுபாட்டையும் அதன் நம்பக இடைவெளியையும் (உண்மை வேறுபாடு இருக்கக்கூடிய எல்லை) எழுதுங்கள்.