காட்டுக்குள் கேட்பாரற்ற கூடைகள்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் டிஸ்க் கோல்ஃப் பற்றி, அதாவது பிளாஸ்டிக் தட்டை எறிந்து சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்கிற ஆட்டம் பற்றி, ஒருவர் கேட்டதற்கு நான்கு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: எங்கள் ஊர்க் காட்டு மைதானம் பாழாய்க் கிடக்கிறது, கேட்பார் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன், ஒஹாயோ, இல்லினாய் மாநிலங்கள் என்று எல்லாம் ஒரே வட்டாரம். சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடுவோம்.

டிட்ராய்ட் புறநகரிலிருந்து ஒரு வாசகர்: வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் 18 கூடை வைத்த மைதானம் இருக்கிறது, முழுக்கக் காட்டுக்குள். பையனோடு அடிக்கடி போவேன். இப்போது எறிமேடையெல்லாம் விரிசல், இரண்டு பக்கமும் புதர் நெருக்குகிறது, எண் பலகை பாதி இல்லை, ஐந்தாவது கூடையை முடித்தால் ஆறாவது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. இதற்கெல்லாம் பொறுப்பு யார்?

பொறுப்பு என்று காகிதத்தில் பார்த்தால் நகராட்சியோ கவுன்ட்டியோ (மாவட்ட நிர்வாகம் மாதிரி), நிலம் அவர்களுடையது. கூடை வாங்கி நட்டது பெரும்பாலும் உள்ளூர் ஆட்டக்காரர்கள் குழு. திறப்பு விழாவில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், வருஷா வருஷம் யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. பூங்காத் துறையின் புல்வெட்டும் வண்டி வெட்டவெளியில்தான் ஓடும், மரங்களுக்கு நடுவே நுழையாது, ஆக காட்டுக்குள் நடக்க வேண்டிய அத்தனை வேலையும் இரண்டு மூன்று ஆர்வலர்கள் தலையில் விழுகிறது, அவர்களில் ஒருவர் வேலை மாறி வேறு மாநிலம் போய்விட்டால் அடுத்த கோடையிலேயே வித்தியாசம் தெரியும். 2020இல் கொரோனா வந்து ஜிம்மெல்லாம் மூடிக் கிடந்தபோது இந்த ஆட்டத்துக்கு ஏகப்பட்ட புது ஆட்கள் வந்தார்கள். விளையாட வந்த கூட்டம்தான் பெருகியது, மண்வெட்டி பிடிக்கிற கூட்டம் அப்படியேதான் இருந்தது.

நீங்கள் சொன்னதில் எண் பலகை சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வழி தெரியாமல் இரண்டு தடவை முள்ளில் சிக்கிய புது ஆள் மூன்றாவது தடவை வரமாட்டார். வழி மனப்பாடமான பழைய ஆட்கள் மட்டும் மிஞ்சுவார்கள், அவர்கள் யாரிடமும் புகார் சொல்வதில்லை. புகார் வராத இடத்துக்குப் பூங்காத் துறை ஏன் பணம் ஒதுக்கப் போகிறது? பலகைக்குக் காசு இல்லையென்றால் ஒவ்வொரு கூடையின் அடியிலும் அடுத்த எறிமேடை இருக்கும் திசையைக் காட்டி ஒரு அம்புக்குறி வரைந்தால்கூடப் போதும், பல மைதானங்களில் அப்படித்தான் இருக்கிறது. எறிமேடை விஷயம் வேறு. ஓடி வந்து ஒற்றைக் காலில் சுழன்று எறியும் இடம் அது, வேர் தூக்கி உடைந்த கான்கிரீட்டில் கால் பிசகினால் முட்டி போய்விடும், அதனால் அதைச் செப்பனிடுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஆனால் நானாக இருந்தால் நீங்கள் எழுதாத ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன், கூடைக்கு அடியில் தரை எப்படி இருக்கிறது என்று. கூடையின் கம்பம் நிற்கிற கான்கிரீட் அடிக்கட்டை, நடும்போது மண்ணோடு மட்டமாக இருக்கும். பழைய மைதானத்தில், அதுவும் சரிவில் இருக்கும் கூடையில், குனிந்து பாருங்கள். அந்தக் கட்டை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், சுற்றிலும் மரவேர்கள் தோலுரிந்து, செருப்பு தேய்த்துத் தேய்த்து வழவழவென்று கிடக்கும். அத்தனை மண்ணும் மழையோடு போய்விட்டது என்று அர்த்தம். புதரைக் கண்டுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், காட்டு மைதானத்தைக் கொல்வது இந்த மொட்டைத் தரைதான் என்பது என் கட்சி.

ஒஹாயோவிலிருந்து இன்னொருவர்: கொஞ்சம் மிகையாகத் தெரிகிறதே. மனுஷன் நடந்து காடு அழியுமா? தட்டு பட்டு மரம் சாகுமா? அது பிளாஸ்டிக்தானே?

ஒரு தட்டு பட்டுச் சாகாது. மேடைக்கு நேர் எதிரே நிற்கிற ஒரு பீச் மரத்தையோ பிர்ச் மரத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள், மெல்லிய பட்டை அதற்கு. தினமும் வருகிறவன் போகிறவன் எல்லாம் அதே உயரத்தில் அதே பக்கத்தில் அடிக்கிறான். பட்டை போனால் அடியில் இருக்கும் உயிருள்ள படலம் காய்கிறது, காயத்தில் பூஞ்சை நுழைகிறது. ஓக் மரத்துக்குத் தடித்த தோல், தாங்கும்.

மிதிபடுவது இதைவிட மோசம். மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், அரை மீட்டர் ஆழத்துக்குள்ளேயேதான் இருக்கின்றன. அந்த மண் மிதிபட்டு இறுகினால் காற்றும் போகாது, மழை பெய்தால் தண்ணீரும் இறங்காது, மேலோடு ஓடும், ஓடும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். டெக்சஸில் ஆஸ்டின் நகரத்தின் பீஸ் பூங்காவில் ஒரு பிரபலமான மைதானம் இருந்தது, ஓடைக்கரையில், பெரிய மரங்களுக்கு அடியில். கூட்டம் தாங்காமல் மண் அரித்து, மரங்கள் நலிந்து, கடைசியில் 2011இல் மூடிவிட்டார்கள். அங்கே யாரும் கைவிடவில்லை, அளவுக்கு மீறி நேசித்துத்தான் அந்த நிலைமை.

இதற்கு மருந்து நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான்: மூடாக்கு. மரத்தை அரைத்த சில்லுகளை நாலு விரல் கனத்துக்கு மேடையைச் சுற்றியும் கூடையைச் சுற்றியும் பரப்ப வேண்டும், மரத்தின் அடித்தண்டை ஒட்டிக் குவிக்காமல். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை ஈரத்தில் அழுகும், அமெரிக்காவில் பாதி வீட்டு வாசலில் இந்தத் தப்பைப் பார்க்கலாம். சரிவில் விழுந்த மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டால் மண் நிற்கும். அப்புறம் முக்கியமாக, கூடைக்கு இரண்டு மூன்று இடம் வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணில் குழாய் பதித்து, அதில் கம்பத்தை இறக்கிப் பூட்டுப் போடுவார்கள், பூட்டைத் திறந்து தூக்கினால் வேறு குழிக்கு மாற்றிவிடலாம். பழைய இடம் ஒரு பருவம் ஓய்வெடுக்கும். பாழான மைதானங்களில் என்ன நடக்கிறது தெரியுமா? குழி மூன்று இருக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

மிச்சிகனின் ஆன் ஆர்பரிலிருந்து ஒருவர்: பல வருஷம் முன்பு இதே காட்டில் ஃபேர்வே, அதாவது மேடையிலிருந்து கூடை வரை தட்டு பறக்கும் பாதை, அகலமாக, நிழலாக இருந்தது. இப்போது முள்ளும் புதரும் சுவர் மாதிரி. திடீரென்று எங்கிருந்து வந்தது இது?

திடீரென்று இல்லை. உங்கள் வட்டாரத்துக்கே உரிய கதை இது, ஒரு வண்டுப் பூச்சியில் ஆரம்பிக்கிறது. எமரால்ட் ஆஷ் போரர் என்று ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு, 2002இல் டிட்ராய்ட் பக்கத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, மரத்தின் உணவு ஓட்டத்தை அறுத்துவிடும். வண்டு வெளியேறும் ஓட்டை ஒரு பக்கம் தட்டையான அரைவட்டமாக, மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கும், பட்டையைத் தேடிப் பார்த்தால் தெரியும். கோடிக்கணக்கில் ஆஷ் மரங்கள் செத்தன. உங்கள் காட்டிலும் ஆஷ் மரங்கள் நிறைய இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியது இதுதான்: மேலே இலைக்கூரை ஓட்டையானது, வெயில் தரைக்கு வந்தது, அந்த வெயிலுக்காகவே காத்திருந்த பக்தார்ன், ஹனிசக்கிள் என்ற புதர்ச்செடிகள் எழுந்து நின்றுவிட்டன. இரண்டும் வெளியூர்ச் சரக்கு. பக்தார்ன் ஐரோப்பாவிலிருந்து வேலிக்காகக் கொண்டுவந்தது, பழத்தைப் பறவை தின்று காடெல்லாம் விதைத்துவிட்டது.

பக்தார்னை அடையாளம் காண்பது சுலபம். அக்டோபர் கடைசியில் மற்ற மரமெல்லாம் இலை உதிர்த்த பிறகும் அது பச்சையாகவே நிற்கும். ஒரு கிளையை நகத்தால் கீறினால் உள்பட்டை ஆரஞ்சு நிறம். இதைச் சும்மா வெட்டிவிட்டு வந்தால் ஒரு தண்டு இருந்த இடத்தில் அடுத்த வருஷம் கொத்தாக முளைத்து நிற்கும், ஆர்வலர்கள் நாள் முழுக்க ரம்பம் பிடித்து அலுத்துப்போவது இதனால்தான். சின்னதை ஈரமண்ணில் வேரோடு பிடுங்கலாம். பெரியதை வெட்டின உடனே வெட்டுவாயில் களைக்கொல்லி தடவ வேண்டும், பொதுநிலத்தில் அதை உரிமம் உள்ளவர்தான் செய்ய முடியும், ஆகவே பூங்காத் துறை இல்லாமல் ஆகாது.

இன்னொன்று, செத்த ஆஷ் மரம் ரொம்ப ஆபத்து. காய்ந்ததும் சீக்கிரமே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், காற்றே இல்லாத நாளிலும் கிளை விழும். எறிமேடைக்கு மேலே அப்படி ஒன்று தொங்கினால் அந்த மேடையில் நிற்காதீர்கள், அன்றைக்கே பூங்கா அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

இல்லினாயிலிருந்து ஓர் இளைஞர்: யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நாங்களே நாலு பேர் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டால் என்ன?

வேண்டாம் தம்பி. அது அரசு நிலம், அனுமதியில்லாமல் ஒரு மரத்தை வெட்டினால் அபராதம் ஒரு பக்கம், ‘இந்த ஆட்டக்காரர்கள் காட்டை வெட்டுகிறார்கள்’ என்று மைதானத்தையே தூக்கச் சொல்லிக் கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். தவிர, எது பக்தார்ன் எது இளம் செர்ரி என்று தெரியாத கையில் ரம்பம் கொடுத்தால் பத்து வருஷம் கழித்து நிழல் தரவேண்டிய கன்றுதான் முதலில் போகும். பாய்சன் ஐவி கொடியை வெறுங்கையால் இழுத்துவிட்டு வாரக்கணக்கில் சொறிந்துகொண்டு இருப்பதும் உண்டு. ஆட்டத்தின் நடுவே வழியை மறைக்கும் உயிருள்ள கிளையை ஒடிப்பதும் விதிப்படி தப்பு. நிற்குமிடத்தில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியை எடுத்துப் போடலாம், அவ்வளவுதான்.

சிகாகோவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஓர் அம்மா: மாப்பிள்ளை லீவு நாளில் காட்டுக்குள் தட்டு எறியப் போய்விடுகிறார். நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன், துருப்பிடித்த சங்கிலி தொங்குகிற ஓர் இரும்புக் கூடை. எறிவதுதான் எறிகிறார்கள், மரத்தைக் குறி வைத்து எறிந்தால் போதாதா? பூச்சி பொட்டு வேறு பயமாக இருக்கிறது.

அம்மா, ஆரம்பத்தில் அப்படித்தான் எறிந்தார்கள், மரம், கம்பம், குப்பைத்தொட்டி என்று எது கிடைத்தாலும் அதுதான் குறி. எட் ஹெட்ரிக் என்று ஒருவர், பிரிஸ்பி என்ற எறிதட்டைத் தயாரித்த வாம்-ஓ கம்பெனியில் இருந்தவர், கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் முதல் முறையான மைதானம் அமைத்தபோதும் வெறும் கம்பங்களைத்தான் நட்டார். பட்டதா படவில்லையா என்ற சண்டை தீரவே தீராது இல்லையா, அதனால் சங்கிலி தொங்கும் கூடையைக் கண்டுபிடித்தார். தட்டு சங்கிலியில் மோதி வேகம் செத்துக் கூடையில் விழுந்தால் கணக்கு, சத்தமே சாட்சி. 1977இல் காப்புரிமை கிடைத்தது. அவர் 2002இல் இறந்தபோது அவர் ஆசைப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். ஆற்றில் கரைக்கிற நமக்குக் கேட்க விநோதமாகத்தான் இருக்கும்.

துரு பற்றிச் சொன்னீர்களே, மேலோட்டமான துரு பரவாயில்லை. சங்கிலி கொக்கியில் தேய்ந்து ஒன்றிரண்டு அறுந்து விழுந்திருந்தால்தான் தொந்தரவு, நல்ல எறிகூட இடைவெளியில் புகுந்து மறுபக்கம் போய்விடும், மாப்பிள்ளை வீட்டுக்குக் கடுகடுவென்று வருவார்.

பூச்சியில் உண்ணியைத்தான் பார்க்க வேண்டும். லைம் நோயைப் பரப்பும் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான், சட்டென்று கண்ணில் படாது. புதர் மண்டிய பாதையில் உரசிக்கொண்டு நடந்தால் ஏறிவிடும். வந்தவுடன் குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஒரு நாளைக்குள் எடுத்துவிட்டால் லைம் வருகிற வாய்ப்பு மிகக் குறைவு. காய்ச்சலோ தடிப்போ வந்தால் டாக்டரிடம் போகட்டும்.

மறுபடியும் டிட்ராய்ட் வாசகர், தனிக் கடிதத்தில்: சரி, ஆரம்பிப்பது எப்படி?

ஒரு தடவை மெதுவாக நடந்து ஒவ்வொரு கூடைக்கும் மூன்று படம் எடுங்கள்: மேடை, பாதை, கூடையடி. ஆபத்தானதை மட்டும் தனியாக எழுதுங்கள், ‘மைதானம் மோசம்’ என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், ‘ஏழாவது மேடைக்கு மேல் செத்த ஆஷ் கிளை’ என்றால் மறுநாளே ஆள் வருவார். கூடவே ஒன்று கேளுங்கள்: சாலையோரம் மரம் வெட்டி அரைக்கிற சில்லை எங்கே கொட்டுகிறீர்கள், ஒரு லோடு காட்டு வாசலில் கொட்ட முடியுமா? பல ஊர்களில் அதை அகற்றுவதே அவர்களுக்குத் தலைவலி, சந்தோஷமாகக் கொடுப்பார்கள். வேலையை நவம்பருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், உண்ணிக் குஞ்சு குறைவு, பறவை கூட்டில் இருக்காது, இலை உதிர்ந்து எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரே நாளில் 18 கூடையும் முடிக்க நினைக்காமல், மோசமான மூன்றை எடுத்து உருப்படியாகச் செய்யுங்கள்.

இலை உதிர்ந்த பிறகு புதரடியில் தொலைந்த தட்டுகள் நிறைய அகப்படும். பின்பக்கம் பெயரும் போன் நம்பரும் இருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்பவர்கள்தான் அதிகம், ஆனால் போனை வைப்பதற்குள் ‘அடுத்த வேலை நாள் எப்போது?’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள், ஆள் சேர்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.