வரியைப் பறித்தார்கள், கையெழுத்தை விட்டுவிட்டார்கள்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘வரலாற்றில் நாடாளுமன்றங்களின் பங்கு’ என்று ஒரு கட்டுரைப் பயிற்சி. உத்திரமேரூர்க் குடவோலையில் தொடங்கி மாக்னா கார்ட்டா வழியாக நம் நாடாளுமன்றத்துக்கு வரலாமா? எத்தனை பக்கம் எழுதலாம்? எழுத எழுத எனக்கே நம்பிக்கை வரவில்லை. 1974இல் கச்சத்தீவைக் கொடுத்தது அந்த நாடாளுமன்றம்தானே. இன்றும் எங்கள் ஊர்க்காரர்கள் பிடிபடும்போதெல்லாம் அங்கே பேசுகிறார்கள், வெளிநடப்புச் செய்கிறார்கள், அதோடு சரி. அப்பா விசைப்படகில் போகிறவர். ‘அது வெறும் பேச்சு மடம்’ என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ம.

அன்புள்ள தம்பி,

உத்திரமேரூரை எழுதுங்கள், ஆனால் உலகின் முதல் நாடாளுமன்றம் என்று எழுதாதீர்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஒரு பிரமதேய ஊரின் சபை தன் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியைச் சொல்கிறது. அருமையான விதிதான். ஆனால் அரசன் கேட்கும் வரியை ‘முடியாது’ என்று மறுக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை. பக்கக் கணக்கெல்லாம் பயிற்சி மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. ‘கச்சத்தீவைக் கொடுத்தது நாடாளுமன்றம்.’ அதை முதலில் அடியுங்கள். நாடாளுமன்றம் கொடுக்கவில்லை. அதனிடம் யாரும் சம்மதம் கேட்கவே இல்லை. அப்பா கோபத்தில் ஒன்று சொல்லலாம், அவர் கடலில் நின்று பார்த்தவர். தேர்வுக்குப் படிக்கிற நீங்கள் அதே தவறை எழுதினால் அது சோம்பேறித்தனம்.

ஏன் கேட்கவில்லை என்பதற்கான வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அந்நாட்டு மன்னன் முதலாம் சார்லஸ் 1629 முதல் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே பதினொரு ஆண்டு ஆண்டான். பணம் வேண்டும். போர்க்காலத்தில் துறைமுக ஊர்கள் மன்னனுக்குக் கப்பல் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு, 1634இல் போர் இல்லாத நேரத்திலேயே கடலோர ஊர்களிடம் கப்பல் வரி வாங்கினான். பெரிய எதிர்ப்பு எழவில்லை. மறு ஆண்டே உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விரித்தான். அப்போதுதான் நாடு கொதித்தது. பக்கிங்ஹாம்ஷயரின் ஜான் ஹாம்டன் தன் பங்கான 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். 1638இல் பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னன் பக்கம் நின்றார்கள், ஐவர் எதிர்த்தார்கள். வழக்கில் மன்னன் வென்றான். ஆனால் ஸ்காட்லாந்துப் போருக்குப் பணமில்லாமல் 1640இல் பாராளுமன்றத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. 1641இல் அது கப்பல் வரியைச் சட்டவிரோதம் என்றது. கடற்கரைக்காரன் கட்டியவரை வழக்கமாக இருந்தது, உள்நாட்டுக்காரனிடம் கேட்டதும் அநீதியாகிவிட்டது. இதை இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து படிக்கிறவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1689 உரிமைச் சாசனம் மன்னனிடமிருந்து மூன்றைப் பறித்தது. பாராளுமன்றம் சம்மதிக்காமல் வரி இல்லை, அமைதிக்காலத்தில் நிலைப்படை இல்லை, சட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமை இல்லை. அயல்நாட்டோடு உடன்படிக்கை செய்யும் உரிமையை மட்டும் தொடவில்லை. அது மன்னனிடமே தங்கி, பிறகு மன்னன் பெயரால் அமைச்சர்களிடம் போனது. 1924இல்தான் உடன்படிக்கையை 21 நாள் அவையில் வைக்கும் வழக்கம் அங்கே வந்தது, 2010இல் அது சட்டமானது. அமெரிக்கர்கள் தொடக்கத்திலேயே விழித்துக்கொண்டார்கள். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். குடியரசுத் தலைவர் வில்சன் நேரில் போய்ப் பேசி முடித்த, முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கையே அங்கே தோற்றது.

நாம் எடுத்துக்கொண்டது பழைய இங்கிலாந்தின் வழியை. வரிக்குச் சட்டம் வேண்டும் என்று அரசமைப்பின் 265ஆம் பிரிவு கறாராகச் சொல்கிறது. உடன்படிக்கைக்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. அதை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம், ஒன்றியப் பட்டியலின் 14ஆம் இனம் இடம் தருகிறது. இன்றுவரை இயற்றவில்லை.

இதன் விளைவை 1974இல் பாருங்கள். மே 16 அன்று இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் வங்கதேச எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த மாதம் 26, 28 தேதிகளில் கச்சத்தீவு பற்றிய இலங்கை ஒப்பந்தம். முதலாவது முழுதாக நிறைவேற 2015இல் அரசமைப்பின் 100ஆவது திருத்தம் தேவைப்பட்டது. மறு நாட்டு மண்ணின் நடுவே கிடந்த திட்டுகளில் 111 இந்தியத் திட்டுகள் அங்கே போயின, 51 இங்கே வந்தன. இரண்டாவதற்கு ஒரு வாக்குகூடத் தேவைப்படவில்லை. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அவையில் அறிக்கை வைத்தார். இராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவரும் தி.மு.க.வின் இரா. செழியனும் எதிர்த்தார்கள். எதிர்த்து வாக்களிக்க அங்கே தீர்மானமே இல்லை. நீங்கள் இளக்காரமாக எழுதிய வெளிநடப்பைத் தவிர அவர்கள் கையில் வேறு என்ன இருந்தது?

ஏன் இந்த வேறுபாடு? மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம், இந்திய மண்ணைக் கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது. 1969இல் பாகிஸ்தானோடு இருந்த குஜராத்தின் கட்ச் எல்லை பற்றிய வழக்கில், எல்லைத் தகராறைத் தீர்ப்பதற்குத் திருத்தம் வேண்டாம் என்றது. கச்சத்தீவு எல்லை வகுக்கப்படாத, தகராறில் இருந்த இடம், ஆகவே மண் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் வாதம். இராமநாதபுரம் சேதுபதி ஜமீன் ஆவணங்களைக் காட்டுகிறவர்கள் அதை ஏற்பதில்லை. யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். ‘இது மண்ணா, தகராறா’ என்பதை முதலில் முடிவு செய்தது யார்? கையெழுத்திட்ட அதே அரசு. தடுக்கப்பட வேண்டியவரே தடை உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறார். என் ஆத்திரமெல்லாம் இந்த இடத்தில்தான்.

1976ஐயும் சேர்த்துப் படியுங்கள். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, நம் மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவு போகலாம் என்றது. ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களின் பாரம்பரிய உரிமையைச் சொன்னது. மீன்பிடி உரிமை காக்கப்பட்டது என்றுதான் அவையிலும் சொன்னார்கள். 1976 மார்ச் 23 அன்று இரு வெளியுறவுச் செயலர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். அனுமதியில்லாமல் ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டு நீரில் மீன் பிடிக்கக் கூடாது என்றது கடிதம். அப்போது அவசரநிலை. மாநில அரசும் ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது. 1974இல் தந்த உறுதி ஒரு சட்டமாக இருந்திருந்தால், அதை மாற்ற இன்னொரு சட்டம் வேண்டியிருக்கும். கடிதம் போதியிருக்காது.

வங்கதேசத் திட்டுகளில் வாழ்ந்தவர்கள் ஒப்பந்தத்துக்குப் பிறகும் 41 ஆண்டு நாடற்றவர்போல் கிடந்தார்கள் என்பதும் உண்மை. அவையின் சம்மதத்துக்கு அப்படியும் ஒரு விலை உண்டு. கட்டுரையில் அதை மறைக்காதீர்கள்.

அப்பாவுக்குப் பதில் கேட்டீர்கள். உறுப்பினரிடம் ‘பேசுங்கள்’ என்று மனுக் கொடுப்பதைவிட, கேள்வியை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மக்களவைக் கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். 150 சொல்லைத் தாண்டக் கூடாது. வாதமோ வசையோ இருந்தால் தள்ளுபடி. நாளொன்றுக்கு நேரடி பதிலுக்கு 20 கேள்விதான், எழுத்துப் பதிலுக்கு 230. எழுத்துப் பதிலையே குறிவையுங்கள், நமக்கு வேண்டியது ஆவணம். பெரும்பாலான கேள்விகள் கெடுவது கலந்து கேட்பதால். கைதும் படகு விடுவிப்பும் வெளியுறவு அமைச்சகம். கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகம். மீன்வளத் திட்டங்கள் மீன்வள அமைச்சகம். கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் மாநில அரசின் வேலை, அதை டெல்லியில் கேட்டால் ஏற்கவே மாட்டார்கள். ‘கச்சத்தீவை மீட்பீர்களா’ என்று கேட்டால் வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘இன்ன ஆண்டு முதல் பிடிபட்ட படகு எத்தனை, அரசுடைமையாக்கப்பட்டது எத்தனை, திரும்பியது எத்தனை, 1976க்குப் பிறகு இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் அவையில் வைக்கப்பட்டனவா’ என்று கேளுங்கள். ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று பதில் வந்தால் அது வாக்குறுதிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அரசு வாக்குறுதிகள் குழு விளக்கம் கேட்கும். பதிலை வாங்கிய உறுப்பினர்கள் பலர் இந்த இடத்தில் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் தேதி குறித்துவைத்துக்கொண்டு நினைவூட்டுங்கள்.

அப்பாவோடு உட்கார்ந்து கேள்வியை எழுதுங்கள், படகின் விவரங்கள் அவருக்குத்தான் தெரியும். எனக்கு அனுப்பினால் சொல்லை எண்ணி, எந்த அமைச்சகம் என்று குறித்துத் தருகிறேன்.